வினிபெக்–சர்ச்சில் ரயில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கனடாவின் மனிடோபா மாகாணத்தில் ஓடும் சர்ச்சில் ரயிலைப் பற்றி விசாரிக்கும் தமிழர்களில் பெரும்பாலோர் பனிக்கரடி பார்க்கப் புறப்படுகிறவர்கள். அவர்களுக்கான விவரங்கள் இந்தப் பக்கத்தின் பிற்பாதியில் இருக்கின்றன. அந்தத் தடத்தோரம் வாழும் மக்களைப் பற்றியும், அந்தத் தண்டவாளம் பட்ட பாட்டைப் பற்றியும் முன்பாதியில் விரிவாகவே எழுதியிருக்கிறேன். அதைப் படித்துவிட்டு டிக்கெட் எடுங்கள்.

இது எந்த ரயில்? எங்கிருந்து எங்கே போகிறது?

மனிடோபாவின் தலைநகரான வினிபெக்கிலிருந்து ஹட்சன் விரிகுடாக் கரையிலுள்ள சர்ச்சில் வரை போகிறது. தூரம் ஏறக்குறைய 1,700 கி.மீ. கனடா அரசுக்குச் சொந்தமான வியா ரயில் நிறுவனம் இதை வாரத்துக்கு இரண்டு முறை ஓட்டுகிறது. போர்டேஜ் லா ப்ரெய்ரி, டாஃபின் வழியாகக் கோதுமை வயல்களைத் தாண்டி, பக்கத்து மாகாணமான சஸ்காச்சுவனுக்குள் புகுந்து, மறுபடி மனிடோபாவுக்குத் திரும்பி, த பா என்ற ஊரை அடைகிறது. ஹட்சன் விரிகுடா ரயில்பாதை தொடங்குவது அங்கேதான். த பாவை பூஜ்ஜியமாக வைத்து எண்ணினால் சர்ச்சில் 510-ஆவது மைல். இந்த 510 மைலில் ஊர் என்று சொல்லும்படி இருப்பவை தாம்சனும் கில்லமும். மற்றவை எல்லாம் சின்னஞ்சிறு குடியிருப்புகள்.

சர்ச்சிலுக்குக் காரில் போக முடியாதா?

முடியாது. சாலையே கிடையாது. வினிபெக்கிலிருந்து தாம்சன் வரை நெடுஞ்சாலை உண்டு. அங்கிருந்து கில்லம் வரை சரளைச் சாலை போகிறது. அதற்கு வடக்கே ரயில், விமானம், கோடை மாதங்களில் கப்பல், இவ்வளவுதான் வழி. சர்ச்சில்காரர்கள் கார் வாங்கினால் அதுவும் சரக்கு ரயிலில் ஏறித்தான் ஊர் வந்து சேரும்.

சர்ச்சிலைப் பற்றி மட்டும் பேசிவிட்டு நிறுத்திவிடக் கூடாது. திக்கெட் போர்டேஜ், பிக்விடோனே, இல்ஃபோர்ட் போன்ற குடியிருப்புகளுக்கும் ஆண்டு முழுக்கப் போய்வரக்கூடிய சாலை இல்லை. நடுக்குளிர்காலத்தில் நிலமும் ஏரிகளும் உறைந்த பிறகு சில வாரங்களுக்கு ஒரு பனிச்சாலை திறக்கும். மற்ற மாதங்களில் ரயில்தான் கதி. இந்த ஊர்களின் பெயர் சுற்றுலாக் கையேடுகளில் வருவதே இல்லை.

அப்படியானால் இந்த ரயிலில் போகிறவர்கள் யார்?

அக்டோபர், நவம்பரில் ஏறினால் கேமராவும் கையுமாக வெளிநாட்டவர் கூட்டம் இருக்கும். மற்ற நாட்களில் ஏறினால் ரயிலின் உண்மையான முகம் தெரியும். த பாவுக்கு வடக்கே இந்தத் தடத்தோரம் இருக்கும் குடியிருப்புகளை 'பே லைன்' ஊர்கள் என்று சொல்வார்கள். பெரும்பாலும் க்ரீ பழங்குடி மக்களும், பழங்குடியினரும் ஐரோப்பியரும் கலந்த வழியில் வந்த மேட்டி மக்களும் வாழும் ஊர்கள். தாம்சன் மருத்துவமனைக்குப் போகும் பாட்டி, பேரப்பிள்ளைகளைப் பார்க்கக் கிளம்பிய தாத்தா, பல்வலிக்கு வைத்தியம் பார்க்கக் குழந்தையோடு புறப்பட்ட தாய், மளிகைச் சாமான் பெட்டிகளோடு வீடு திரும்பும் குடும்பம் என்று எகானமி பெட்டி நிறைந்திருக்கும். நம் ஊரில் சந்தைக்குப் போய்விட்டு மூட்டை முடிச்சோடு டவுன் பஸ்ஸில் ஏறுவோமே, அதே போலத்தான். எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும்.

இந்த பஸ் வாரத்துக்குச் சில முறைதான் வரும் என்பதை மறக்காதீர்கள். இருபது நிமிட மருத்துவப் பரிசோதனைக்காக வெளியூரில் சில நாட்கள் தங்க வேண்டியிருக்கும். அறை வாடகை, சாப்பாடு, பார்க்காமல் விட்ட வேலை எல்லாம் அந்த ஒரு பரிசோதனையின் செலவில் சேரும். கால அட்டவணையில் ஒரு நாள் குறைந்தால் தெற்கே இருப்பவருக்கு அது வெறும் செய்தி, பிக்விடோனேயில் இருப்பவருக்கு ஒரு மாதத் திட்டமே மாறிப்போகும்.

காட்டுக்கு நடுவே கை காட்டினால் ரயில் நிற்குமாமே?

நிற்கும், ஆனால் ஒழுங்கு உண்டு. அட்டவணையில் இருக்கும் பல நிறுத்தங்கள் ஆள் இருந்தால் மட்டும் நிற்பவை. கட்டடம், டிக்கெட் கவுண்டர் எதையும் எதிர்பார்க்காதீர்கள். ஒரு பெயர்ப்பலகை இருக்கும், சில இடங்களில் ஒரு கொட்டகை. வேட்டைக்கும் மீன்பிடிக்கும் போகிறவர்கள், காட்டுக்குள் குடிசை வைத்திருப்பவர்கள், பொறி வைத்து விலங்கு பிடிப்பவர்கள் ஆகியோர் முன்கூட்டியே சொல்லிவைத்துத் தங்களுக்கு வேண்டிய மைல்கல்லில் இறங்கிக்கொள்வார்கள். அப்படி நிற்கும்போது "ஏன் நிறுத்தினார்கள்?" என்று சலித்துக்கொள்ள வேண்டாம். ரயில் இருப்பதே அதற்குத்தான்.

1,700 கி.மீ.க்கு இரண்டு இரவா? ஏன் இவ்வளவு மெதுவாகப் போகிறது?

தெற்குப் பகுதியில் வேகம் பரவாயில்லை. வடக்கே போகப் போகத்தான் ஆமை வேகம், அதற்குக் காரணம் தண்டவாளத்துக்கு அடியில் இருக்கிறது.

இங்கே நிலம் 'மஸ்கெக்' எனப்படும் சதுப்பு. மக்கிய பாசியும் தண்ணீரும் கலந்த, காலை வைத்தால் உள்வாங்கும் நிலம். இன்னும் வடக்கே போனால் அதற்குக் கீழே ஆண்டு முழுக்க உறைந்தே கிடக்கும் மண். உறைந்திருக்கும்வரை அது பாறைபோல் உறுதி. கோடையில் மேலடுக்கு உருகும்போது சில இடங்களில் தரை இறங்கும், சில இடங்களில் இறங்காது. தண்டவாளம் அலை அலையாக வளைந்துவிடும். பாதை போட்ட காலத்தில் கடைசிப் பகுதியைக் குளிர்காலத்திலேயே, உறைந்த தரைமேல் விறுவிறுவென்று போட்டு முடித்தார்கள். பிறகுதான் சரளைக் கல் கொட்டித் திருத்தும் வேலை ஆரம்பித்தது. அந்தத் திருத்தும் வேலை நூறு ஆண்டுகளாக முடியவில்லை, இனியும் முடியாது. கல் கொட்டுவார்கள், சதுப்பு விழுங்கும், மறுபடி கொட்டுவார்கள். இப்போது வடக்கு வேகமாகச் சூடாகிவருவதால் உருகும் ஆழமும் கூடிக்கொண்டே போகிறது.

ரயில் ஜன்னல் வழியாகவே இதைப் பார்க்கலாம். பழைய தந்திக் கம்பங்கள் ஒற்றைக் கம்பாக இல்லாமல் மூன்று கால்களைச் சேர்த்துக் கட்டிய முக்காலியாக நிற்கும். உறைந்தும் உருகியும் அசையும் மண்ணில் ஒற்றைக் கம்பத்தை நட்டால், மண் அதை வெளியே தள்ளிவிடும். முக்காலி தரைமேல் நிற்பதால் தப்பிக்கிறது.

ஆகவே ஓட்டுநர் மெதுவாகப் போனால் அது உங்கள் பாதுகாப்புக்காக. பல மணி நேரத் தாமதம் இந்தத் தடத்தில் சாதாரணம். திரும்பி வரும் நாளிலேயே விமானம் பிடிக்கத் திட்டமிடாதீர்கள். நடுவில் ஒரு நாள் இடைவெளி வையுங்கள்.

இப்படிப்பட்ட நிலத்தில் யார், எதற்காக ரயில்பாதை போட்டார்கள்?

கோதுமைக்காக. மேற்குக் கனடாவின் விவசாயிகள் தானியத்தைக் கிழக்கே மான்ட்ரியால் வரை அனுப்பி, அங்கிருந்து ஐரோப்பாவுக்குக் கப்பலேற்ற வேண்டியிருந்தது. ஹட்சன் விரிகுடாவில் ஒரு துறைமுகம் இருந்தால் வழி சுருங்கும், கூலி குறையும் என்பது அவர்களின் நெடுநாள் கோரிக்கை. முதலில் தேர்ந்தெடுத்த இடம் சர்ச்சில் கூட இல்லை. நெல்சன் ஆற்றின் முகத்துவாரத்தில் போர்ட் நெல்சன் என்ற இடத்தில் செயற்கைத் தீவும் அதற்கு நீண்ட பாலமும் கட்டினார்கள். வண்டல், புயல், முதல் உலகப் போர் எல்லாம் சேர்ந்து அந்த வேலையை நிறுத்தின. 1927-இல் திட்டம் சர்ச்சிலுக்கு மாறியது. 1929-இல் தண்டவாளம் சர்ச்சிலைத் தொட்டது, 1931-இல் துறைமுகம் திறந்தது. கைவிட்ட அந்தத் தீவும் பாலமும் ஆற்றின் வாயில் இன்றும் துருப்பிடித்துக் கிடக்கின்றன.

பாதை போட்டவர்கள் கணக்கில் அந்த நிலத்தில் காலங்காலமாக வாழ்ந்த மக்கள் எங்குமே இல்லை. பிறகு அந்த மக்களின் வாழ்க்கையே இந்தப் பாதையைச் சுற்றி அமைந்துபோனது.

2017-இல் ரயில் நின்றுபோனது ஏன்?

அந்த ஆண்டு மார்ச்சில் சர்ச்சிலில் நாள்கணக்கில் நீடித்த பனிப்புயல். வீட்டுக் கதவுகளை மூடும் அளவுக்குப் பனி குவிந்தது. மே மாதம் அது மொத்தமாக உருகி வெள்ளமானபோது, கில்லமுக்கும் சர்ச்சிலுக்கும் இடையில் ஏறக்குறைய இருபது இடங்களில் தண்டவாளத்துக்கு அடியில் இருந்த கரை அரித்துப் போனது. பாலங்களும் சேதமடைந்தன. ரயில் நின்றது.

தண்டவாளம் அப்போது அமெரிக்காவின் டென்வரைச் சேர்ந்த ஓம்னிட்ராக்ஸ் என்ற தனியார் நிறுவனத்திடம் இருந்தது. 1997-இல் வாங்கியது. கோதுமை ஏற்றுமதி குறைந்து, 2016-லேயே துறைமுகத்தில் தானிய வேலையை நிறுத்தியிருந்தது. பழுதுபார்க்கத் தங்களுக்கு வசதியில்லை, அரசே செய்துகொள்ளட்டும் என்றது நிறுவனம். பழுதுபார்ப்பது உங்கள் கடமை என்று அரசு நீதிமன்றம் போனது. இந்த வாக்குவாதம் ஓராண்டுக்கு மேல் நீடித்தது.

அந்த ஓராண்டில் ஊர் என்ன பட்டது என்பதை நிதானமாக யோசித்துப் பாருங்கள். பால், ரொட்டி, காய்கறி எல்லாம் விமானத்தில் வந்தன, விலை ஏறியது. வீடுகளைச் சூடாக்கும் எரிவாயுவைக் குளிர் வருவதற்குள் கப்பலில் கொண்டுவந்து சேர்த்தார்கள். குளிர்காலத்தில் கில்லமிலிருந்து கனரக வாகனங்கள் சறுக்கு வண்டிகளை இழுத்துக்கொண்டு பாதையே இல்லாத பனிவெளியில் சரக்கு கொண்டுவந்தன. சில குடும்பங்கள் ஊரைவிட்டே கிளம்பின. வீட்டுச் சாமானை ஏற்ற ரயில் இல்லாததால், ஊரை விட்டுப் போவதுகூடக் கஷ்டமாகிவிட்டது. வெள்ளத்தின்போது சர்ச்சிலில் மாட்டிக்கொண்ட வியா ரயில் வண்டியையே கடைசியில் கப்பலில் ஏற்றித் தெற்கே கொண்டுபோனார்கள். ரயிலே கப்பலேறிப் போவதைப் பார்த்து நின்ற ஊர் அது.

2018 ஆகஸ்ட் முடிவில் ஆர்க்டிக் கேட்வே குழுமம் தண்டவாளத்தையும் துறைமுகத்தையும் வாங்கியது. அரசும் பணம் தந்தது. வேலை தொடங்கியதும் இரண்டே மாதத்தில், அக்டோபர் கடைசியில், முதல் சரக்கு ரயில் சர்ச்சிலுக்குள் நுழைந்தது. டிசம்பர் தொடக்கத்தில் பயணிகள் ரயிலும் வந்தது. இரண்டு மாத வேலைக்காக அந்த மக்களை ஒன்றரை ஆண்டு காக்கவைத்தார்கள் என்பது எனக்கு இன்றும் ஆறாத கோபம்.

இப்போது தண்டவாளம் யாருடையது?

2018-இல் வாங்கிய குழுமத்தில் பழங்குடி சமூகங்களோடு டொராண்டோவின் ஃபேர்ஃபாக்ஸ் நிதி நிறுவனமும், சஸ்காச்சுவனின் ஏஜிடி உணவு நிறுவனமும் பங்காளிகளாக இருந்தன. 2021-இல் அந்த இரண்டும் தங்கள் பங்கை உள்ளூர் சமூகங்களிடம் ஒப்படைத்து விலகின. இன்று அது வடக்கின் பழங்குடி சமூகங்களும் பே லைன் ஊர்களும் சேர்ந்து வைத்திருக்கும் சொத்து. தண்டவாளம் அவர்களுடையது, அதன்மேல் பயணிகள் ரயிலை ஓட்டுவது வியா. உங்கள் டிக்கெட்டில் வியா பெயர்தான் இருக்கும்.

உடைமை மாறியதும் சதுப்பு கெட்டியாகிவிடாது. ஆனால் எங்கே கரை தளர்ந்திருக்கிறது என்று கவலைப்படுகிறவர்களும், அந்த ரயிலில் ஏறுகிறவர்களும் ஒரே ஆட்களாக இருப்பது பெரிய மாற்றம். அதன்பிறகு மத்திய, மாகாண அரசுகள் கோடிக்கணக்கான டாலர் கொடுத்து, தண்டவாளக் கட்டைகளும் சரளையும் புதுப்பிக்கப்பட்டு வருகின்றன.

சில நூறு பேருக்காக நஷ்டத்தில் ஓடும் ரயிலுக்கு வரிப்பணம் கொடுப்பது நியாயமா?

இந்தக் கேள்வியை நம்மவர்களே அடிக்கடி கேட்கிறார்கள், எனவே நேராகவே பதில் சொல்கிறேன். நியாயம்தான்.

2021 மக்கள்தொகைக் கணக்கின்படி சர்ச்சிலில் 870 பேர். டிக்கெட் வருமானத்தில் இந்த ரயில் ஒருநாளும் லாபம் பார்க்காது. டொராண்டோவின் நெடுஞ்சாலைகள் மட்டும் லாபம் பார்க்கின்றனவா? சாலைக்கு யாரும் அந்தக் கணக்குப் போடுவதில்லை. சாலை இல்லாத ஊருக்கு ரயிலை விட்டால் வேறு சாலை ஏது?

இன்னொன்றும் உண்டு. மனிடோபாவின் மின்சாரத்தில் பெரும்பகுதி, கில்லம் அருகே நெல்சன் ஆற்றில் கட்டிய கெட்டில், லாங் ஸ்ப்ரூஸ், லைம்ஸ்டோன் உள்ளிட்ட அணைகளிலிருந்து வருகிறது. அதற்காக 1970-களில் சர்ச்சில் ஆற்றின் நீரையே நெல்சனுக்குத் திருப்பிவிட்டார்கள். சவுத் இந்தியன் லேக் என்ற க்ரீ ஊரின் கரைகள் மூழ்கின, அவர்களின் மீன்பிடித் தொழில் சிதைந்தது. வினிபெக்கில் நாம் ஹீட்டர் போடும்போதெல்லாம் வடக்கிலிருந்து ஏதோ ஒன்றை எடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம். அந்தத் தடத்தில் வாரத்துக்கு இரண்டு ரயில் ஓடுவதைத் தானம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

விமானம் விட்டால் போதாதா?

சர்ச்சிலுக்கு விமானம் இருக்கிறது. கட்டணம் ஒரு குடும்பத்துக்குத் தாங்காது. பே லைன் குடியிருப்புகள் பலவற்றுக்கு அதுவும் இல்லை. மெத்தை, குளிர்சாதனப் பெட்டி, ஸ்னோமொபைல் எல்லாம் விமானத்தில் வராது.

எந்த வகுப்பில் டிக்கெட் எடுப்பது? சாப்பாடு எப்படி?

எகானமியில் சாய்வு இருக்கை. இரண்டு இரவையும் அதில் கழிக்க இளம் வயது வேண்டும், அல்லது நல்ல தலையணை வேண்டும். படுக்கைப் பெட்டியில் திரை போட்ட மேல்-கீழ் பெர்த்களும், ஒருவர் அல்லது இருவருக்கான சிறு அறைகளும் உண்டு. குளிக்க ஷவர் இருக்கும். பெட்டிகள் 1950-களில் செய்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பெட்டிகள். பழையவை, ஆனால் உறுதியானவை. பெற்றோரை அழைத்துப் போகிறீர்கள் என்றால் தயங்காமல் அறை எடுங்கள். கரடிப் பருவத்தில் அறைகள் பல மாதங்களுக்கு முன்பே தீர்ந்துவிடும்.

ரயிலில் சாப்பாடு கிடைக்கும், சைவத்துக்குத் தேர்வு குறைவு. முதல் நாளுக்குப் புளிச்சாதமும், பிறகு ரொட்டி, பழம், முறுக்கு, கடலையும் வைத்துக்கொள்ளுங்கள். வழியில் நெடுந்தூரத்துக்கு அலைபேசி சிக்னல் இருக்காது. வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள், இல்லாவிட்டால் இங்கே அம்மாக்கள் பயந்துபோவார்கள்.

முழுத் தூரமும் போக நேரமில்லை என்றால்?

தாம்சன் வரை காரில் போய், அங்கே ரயில் ஏறலாம். அங்கிருந்து சர்ச்சில் ஓர் இரவுப் பயணம். வினிபெக்–தாம்சன் சாலை 750 கி.மீ.க்கு மேல், எனவே ஒருவரே ஓட்ட வேண்டாம். பெட்ரோல் பங்க் கண்ணில் பட்டால் நிரப்பிக்கொள்ளுங்கள். காரை ஸ்டேஷன் ஓரமாக விடாமல், ஊருக்குள் ஆள் கண்காணிப்பு உள்ள இடத்தில் விடுங்கள்.

எந்த மாதம் போவது நல்லது? ஜன்னலிலிருந்து பனிக்கரடி தெரியுமா?

அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் நடு வரை கரடிகள் கரையில் கூடும். விரிகுடா உறைந்து கடல்நாய் வேட்டைக்குப் போகக் காத்திருக்கும் நேரம் அது. ஜூலை, ஆகஸ்டில் பெலுகா எனப்படும் வெள்ளைத் திமிங்கலங்கள் ஆயிரக்கணக்கில் சர்ச்சில் ஆற்றுக்குள் வரும். பிப்ரவரி, மார்ச் வடதுருவ ஒளிக்கு. ஜனவரியில் சராசரி வெப்பநிலையே மைனஸ் 26 டிகிரி, குழந்தைகளோடு போக வேண்டாம்.

ஜன்னலிலிருந்து கரடி தெரிவது அபூர்வம். தெரிவது வேறொன்று, எனக்குப் பிடித்தது அதுதான். கில்லம் தாண்டியதும் ஸ்ப்ரூஸ் எனப்படும் ஊசியிலை மரங்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் குட்டையாகும். பிறகு காற்று அடிக்கும் பக்கத்தில் கிளையே இல்லாமல், ஒருபக்கம் மட்டும் இலையோடு நிற்கும். விடியும்போது மரங்களே ஓய்ந்து, குளங்களும் பாசியுமாகத் திறந்தவெளி விரியும். விமானத்தில் போனால் இதைப் பார்க்க முடியாது.

சுற்றுலாப் பயணியாக நாம் கவனிக்க வேண்டியது?

உள்ளூர்க்காரர்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். அவர்கள் மருத்துவமனைக்கோ துக்க வீட்டுக்கோ போய்க்கொண்டிருக்கலாம். பெட்டி நிறைந்திருந்தால் பக்கத்து இருக்கையில் பையை வைக்காதீர்கள். சர்ச்சிலில் உணவு, பரிசுப் பொருள் எதுவானாலும் உள்ளூர்க் கடையில் வாங்குங்கள், விலை கூடுதலாக இருந்தாலும். பேச்சுக் கொடுத்தால் அன்பாகப் பேசுவார்கள். எந்த நாட்டிலிருந்து வந்தீர்கள் என்று கேட்பார்கள். நீங்களும் எந்த ஊர், எந்த மைல் என்று கேளுங்கள்.

டொராண்டோவுக்குப் பக்கத்தில் இதுபோல ரயில் உண்டா?

பக்கம் என்று சொல்ல முடியாது, ஆனால் ஒன்டாரியோவிலேயே ஒன்று உண்டு. காக்ரேனிலிருந்து ஜேம்ஸ் விரிகுடா அருகிலுள்ள மூசனிக்கு 'போலார் பேர் எக்ஸ்பிரஸ்' ஓடுகிறது. ஏறக்குறைய 300 கி.மீ., ஐந்து மணி நேரம். பெயரில் கரடி இருந்தாலும் அதில் போகிறவர்கள் பெரும்பாலும் க்ரீ மக்கள். மூசனிக்கும் சாலை இல்லை. டொராண்டோவிலிருந்து வடக்கே போய்க்கொண்டிருந்த நார்த்லேண்டர் ரயிலை 2012-இல் ஒன்டாரியோ அரசு நிறுத்தியது. பிறகு தவறை உணர்ந்து திரும்பக் கொண்டுவர முடிவெடுத்துப் புது வண்டிகளுக்கு ஆர்டர் கொடுத்தது.

மனிடோபாவில் த பாவிலிருந்து புகடவாகன் வரை போகும் ரயிலைக் கீவாடின் ரயில்வே என்ற மூன்று பழங்குடி சமூகங்களின் நிறுவனம் நடத்துகிறது. கியூபெக்கில் செட்-ஈல் நகரிலிருந்து ஷெஃபர்வில் வரை ஓடும் ட்ஷியூடின் ரயில் இன்னு, நஸ்காபி மக்களுடையது. 2005-இல் சுரங்க நிறுவனத்திடமிருந்து தண்டவாளத்தை வாங்கி நடத்திவருகிறார்கள். கனடாவில் பழங்குடி மக்கள் சொந்தமாக்கிக்கொண்ட முதல் ரயில்பாதை அது.

முதல்முறை போகிறவர்களுக்கு என் பரிந்துரை மூசனி. பகல் பயணம், பிள்ளைகளுக்கும் அலுக்காது. அங்கிருந்து எதிரே ஆற்றின் நடுவிலுள்ள மூஸ் ஃபேக்டரி தீவுக்குக் கோடையில் படகில் போகலாம், குளிர்காலத்தில் உறைந்த ஆற்றின்மேல் காரே போகும். பனி உடையும் வசந்தத்திலும் உறையத் தொடங்கும் இலையுதிர்காலத்தின் கடைசியிலும் ஹெலிகாப்டரை விட்டால் தீவுக்கு வழியில்லை. அந்த வாரங்களைத் தவிர்த்துவிட்டு ஜூலை, ஆகஸ்டில் போங்கள்.